அகலத் திரையின் ஓரத்தில் ஒரு முகம்

புதிதாகத் தொலைக்காட்சி வேலைக்குச் சேர்ந்திருக்கிற நீங்கள் என்னைக் கண்டதும் முதலில் கேட்கிற கேள்வி எனக்கு மனப்பாடமாகிவிட்டது. "அண்ணை, அந்தக் காலத்திலை என்ன கமரா பாவிச்சனீங்கள்?" போன மாதம் மில்லிக்கனில் என் வீட்டுக்கு வந்த உங்களில் சிலர், தேநீர் ஆறிப்போகும்வரை லென்ஸைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நானும் மரியாதைக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் போனபிறகு எனக்கு வந்த எரிச்சலை என் மனைவியிடம்தான் கேட்க வேண்டும். கமரா என்ன கமரா? அதன் பெயரும் விவரமும் இணையத்தில் கிடக்கிறது. நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு. தெரியக்கூடாத ஏதாவது எப்போதாவது அந்தத் தெளிவான படத்தில் தெரிந்ததா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நீங்கள் கேட்காததால் நானே சொல்கிறேன்.

நான் ரொறன்ரோ நகரத்தின் நடுவில் இருந்த ஒரு நிலையத்தில், செய்திப் பிரிவில் வேலை செய்தேன். கமராக்களிலிருந்து வருகிற படங்களின் வெளிச்சத்தையும் நிறத்தையும் ஒளிபரப்பாகிக்கொண்டிருக்கும்போதே சரிசெய்வதுதான் என் வேலை. செய்தி வாசிப்பவரின் முகம் ஒரு கமராவில் சிவப்பாகவும் மற்றதில் மஞ்சளாகவும் தெரியாமல் காப்பாற்றுகிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, இங்கே படித்து, அந்தக் கதிரையில் போய் உட்கார்ந்தவன். எல்லோரும் என்னைச் சிவா என்றுதான் கூப்பிட்டார்கள். முழுப் பெயரைச் சொல்லப் பழக்குவதற்கு நான் பட்ட பாடு தனிக் கதை.

தொண்ணூறுகளின் கடைசி. அமெரிக்காவில் உயர் துல்லியத் தொலைக்காட்சி தொடங்கிவிட்டது. இங்கே எங்கள் மேலிடத்துக்கு வயிற்றெரிச்சல். கனடாவில் அப்போது நடந்தது பெரும்பாலும் கூட்டம்தான். எந்த அலைவரிசை, யாருக்கு எப்போது அனுமதி, யார் முதலில் தொடங்குவது என்று குழு மேல் குழு. பார்க்கிற சனத்தின் வீடுகளில் அந்தப் படத்தைக் காட்டக்கூடிய பெட்டியே இல்லை. இருந்தாலும் எங்கள் நிலையம் ஒரு முடிவெடுத்தது. அந்தக் குளிர்காலத்தில் ஒரு வாரத்துக்கு மாலைச் செய்தியைப் பரீட்சார்த்தமாக உயர் துல்லியத்தில் காட்டுவோம், அரசாங்க ஆட்களையும் விளம்பரக்காரர்களையும் கூப்பிட்டு அசத்துவோம் என்று.

அதற்குப் பொறுப்பாக வந்தவர் கிரெக். கெட்ட மனிதரில்லை. ஆனால் வாயைத் திறந்தால் "எதிர்காலம்" என்ற சொல்தான் வரும். ஒரு கேபிள் வேலை செய்யவில்லை என்று போய்ச் சொன்னாலும் எதிர்காலத்தைப் பற்றித்தான் பதில் வரும்.

இங்கே ஒரு விஷயத்தை விளங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மிச்சக் கதை புரியாது. அப்போது வீடுகளில் இருந்த பெட்டிகள் கிட்டத்தட்டச் சதுரம். புதிய படமோ அகலம். இரண்டுக்கும் எங்களிடம் இருந்தது ஒரே செய்தி, ஒரே படம். அகலமான படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி வழக்கமான சனத்துக்கு அனுப்புவோம். முழுப் படமும், இரண்டு பக்கங்களோடு, புதிய அகலத் திரைக்குப் போகும். கமராக்காரர்கள் வருடக்கணக்காக நடுவைப் பார்த்தே பழகியவர்கள். பக்கங்களில் என்ன வருகிறது என்று ஒருவரும் பார்ப்பதில்லை. ஒத்திகையில் அந்தப் பக்கங்களில் நான் பார்த்தவற்றைக் கேளுங்கள்: பாதி கடித்த சாண்ட்விச், யாரோ கழற்றி எறிந்த குளிர்கோட்டு, கம்பி வளையங்கள், ஒருமுறை முதுகு சொறிந்துகொண்டிருந்த ஒரு மனிதர். நான் சொல்லிச் சொல்லிக் களைத்தேன். "பக்கத்தை யார் பார்க்கப்போறாங்கள் சிவா?" என்பார்கள்.

அவர்கள் அப்படிச் சொன்னதற்குக் காரணமும் இருந்தது. அந்த அகலப் படத்தை உள்ளபடி காட்டுகிற திரைகள் மூன்றே இடத்தில் இருந்தன. ஒன்று என் மேசையில். ஒன்று விருந்தினர்கள் உட்காரும் அறையில். மற்றது, எங்கள் தமிழ்ச் சனம் நிறைந்த ஸ்காபரோப் பகுதியில், மோல் என்கிற ஒரு பெரிய கடைத்தொகுதியில், சனங்கள் பார்த்து வாய்பிளக்கட்டும் என்று கிரெக் கொண்டுபோய் வைத்தது. செய்தியைத் தயாரிப்பவர், எடிற் செய்பவர், நிருபர்கள் எல்லோரும் பழைய சின்ன மொனிற்றர்களில் நடுப்பகுதியை மட்டும்தான் பார்த்தார்கள். தயாரிப்பாளருக்கும் ஒரு நல்ல மொனிற்றர் கொடுங்கள் என்று நான் எத்தனையோ தடவை கேட்டேன். "அடுத்த வருசம்" என்றார் கிரெக்.

இன்னொன்றும் செய்தார். என் மேசையில் ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் அகலத் திரையின் இரண்டு பக்கங்களும் கறுப்பாகிவிடும்; நடுப்பகுதி மட்டும் தெரியும். பழைய ஒளிப்பதிவுகளைக் காட்டுவதற்காக வைத்தது. கிரெக் அதன் மேல் மஞ்சள் நிற ஒட்டுநாடாவை ஒட்டினார். "இந்த வாரம் ஒரு செக்கன்கூடக் கறுப்பு வரக்கூடாது. சனம் அகலம் பார்க்கத்தான் வருகினம்" என்றார். அவர்கள் எல்லோரும் பேசியது ஆங்கிலம். நான் எங்கள் தமிழில் எழுதுகிறேன். தொனி மட்டும் அப்படியேதான்.

முதல் ஒத்திகையில் செய்தி வாசிப்பவர் வந்து என் திரையில் தன் முகத்தைப் பார்த்தார். நல்ல வடிவான மனிதர். தன் தோலில் இருந்த ஒவ்வொரு துவாரத்தையும் கண்டுவிட்டு, நேரே ஒப்பனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு ஒப்பனை பற்றி ஒரு கூட்டம். மேசையின் ஓரத்தில் வண்ணம் உரிந்திருப்பது பற்றி ஒரு கூட்டம். பூச்சாடி நிஜமாக இருக்க வேண்டுமா பிளாஸ்டிக் போதுமா என்று இன்னொரு கூட்டம். தெரிய வேண்டியவை எப்படித் தெரிகின்றன என்று நாள்கணக்கில் கதைத்தோம். மறைக்க வேண்டியவற்றை இந்தப் படத்தில் எப்படி மறைப்பது என்று ஒரு நிமிடம்கூட யாரும் கதைக்கவில்லை.

அந்த வாரத்தின் நடுவில் ஒரு மாலை. விருந்தினர் அறை நிரம்பியிருந்தது. கிரெக் புதிய கழுத்துப்பட்டி கட்டி அவர்களோடு நின்றார். செய்தி தொடங்கிவிட்டது. அப்போதுதான் ஷெரில் என்ற நிருபரின் பதிவு என் கைக்கு வந்தது. வழக்கம்போலப் பிந்தி. இடைவேளைக்குப் பிறகு அதுதான் முதல் செய்தி. விளம்பரம் ஓடத் தொடங்கியதும் நான் அதை என் திரையில் போட்டு வெளிச்சம் சரியா என்று பார்த்தேன்.

நகரத்தில் பெண்கள் தங்கும் காப்பகங்கள் நிரம்பி, குளிரில் வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்பதுதான் செய்தி. கணவனின் அடிக்குத் தப்பி வீட்டை விட்டு வந்த ஒரு பெண் அதில் பேசினாள். முகம் காட்ட மாட்டோம், குரலை மாற்றுவோம் என்று ஷெரில் வாக்குக் கொடுத்திருந்தாள். யாரோ ஒரு சிநேகிதியின் சமையலறையில், யன்னலுக்கு முன்னால் அவளை இருத்திப் படம் பிடித்திருந்தார்கள். வெளியே பனி வெள்ளையாகப் பளிச்சிட, அவள் முகம் முழுக்கக் கறுப்பு. வருடக்கணக்காக எல்லோரும் செய்துவந்த முறைதான். குரலும் மாற்றப்பட்டிருந்தது. நடுப்பகுதியைப் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஆனால் என் திரை அகலம். வலது பக்கத்தில், யன்னலை ஒட்டிக் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு அலுமாரி இருந்தது. பனியின் வெளிச்சம் அதில் விழுந்திருந்தது. அவள் கண்ணைத் துடைக்க யன்னல் பக்கம் திரும்பியபோது அவளுடைய முகம் அந்தக் கண்ணாடியில் வந்தது. மங்கலாக இல்லை. மூக்கு, கண், நெற்றியில் இருந்த தழும்பு எல்லாம் தெரிந்தன. பிறகு அவள் விரல்களை விட்டுவிட்டு மணிக்கட்டின் பின்புறத்தால் முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளினாள்.

நான் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எனக்கு அவளைத் தெரியும். ஸ்காபரோவில் எங்கள் ஆட்களின் பேக்கரி ஒன்றில் வேலை செய்தவள். கையெல்லாம் மா இருக்கும். அதனால்தான் முடியை அப்படித் தள்ளுவாள். சனிக்கிழமைகளில் நான் மீன் அடைத்த பணிசும் றோல்சும் வாங்கும்போது பெட்டியைக் கட்டித் தருவாள். சில மாதங்களாக அவளைக் காணவில்லை. வேறு வேலைக்குப் போயிருப்பாள் என்று நினைத்திருந்தேன்.

தலையில் மாட்டியிருந்த கருவியில் தயாரிப்பாளர் மொறீனைக் கூப்பிட்டேன். மொறீன் அனுபவசாலி. கோபக்காரி. கட்டுப்பாட்டு அறையில் அவள் சொல்வதுதான் சட்டம். நான் இருந்தது பக்கத்து அறையில்.

"மொறீன், அடுத்த செய்தியிலை அந்தப் பொம்பிளையின்ரை முகம் தெரியுது."

"எங்கை? நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறன். முழுக் கறுப்பு."

"நடுவிலை இல்லை. வலப்பக்கம். கண்ணாடியிலை."

"என்ரை மொனிற்றரிலை வலப்பக்கமே இல்லை, சிவா."

"அதைத்தானே நான் மாதக்கணக்காச் சொல்லிக்கொண்டிருக்கிறன்! என்ரை திரையிலை வந்து பாருங்கோ."

"விளம்பரம் முடியப்போகுது. நான் எழும்பி வந்தால் இஞ்சை ஆர் பார்க்கிறது? சும்மா ஒரு நிழலாயிருக்கும். ஆரும் அடையாளம் கண்டுபிடிப்பினமோ?"

"நான் கண்டுபிடிச்சிட்டன்."

மொறீனின் குரல் தணிந்தது.

"உனக்கு அவவைத் தெரியுமோ?"

"தெரியும். ஸ்காபரோவிலை பாதிச் சனத்துக்குத் தெரியும். அந்த மோலிலை நிக்கிற சனத்துக்குத் தெரியும்."

மொறீன் விருந்தினர் அறைக்குத் தொலைபேசி எடுத்தாள். அந்த இணைப்பும் என் காதில் கேட்டது. கிரெக் சிரித்த குரலில் எடுத்தார். பின்னால் கிளாஸ்கள் முட்டும் சத்தம். மொறீன் விஷயத்தைச் சொல்லி, அந்தச் செய்திக்கு மட்டும் பக்கங்களைக் கறுப்பாக்கலாமா என்று கேட்டாள்.

"கறுப்பு இல்லை. மொறீன், நாங்கள் கதைச்சு முடிவெடுத்த விசயம் உது. இந்த நாட்டிலை ஆர் வீட்டிலை உந்தப் பெட்டி இருக்கு? ஒருத்தரும் பார்க்கப்போறேல்லை."

நான் குறுக்கே புகுந்தேன். "மோலிலை இருக்குது. நீங்கள்தான் வைச்சீங்கள்."

"மோலிலை சனம் நடந்து போறது. நிண்டு பார்க்கிறேல்லை."

"நிக்காதெண்டால் ஏன் அங்கை வைச்சீங்கள்?"

"செய்தியை எடுத்துவிடுங்கோ அப்ப. ஆனால் கறுப்பு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எடுத்துவிடுங்கோ! சொல்வது எளிது. செய்தியை எடுத்தால் வழக்கமான ஒளிபரப்பிலும் அது போகாது. அந்தப் பெண் பயத்தோடு வந்து பேசியது வீண். குளிரில் திருப்பி அனுப்பப்படுகிறவர்களைப் பற்றி நாடு கேட்க வேண்டிய செய்தி, ஒரு கறுப்புக் கரை நாகரிகமாக இல்லை என்பதற்காகக் குப்பைக்குப் போக வேண்டுமா? என் எதிரே கடைசி விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பனி அள்ளும் இயந்திரத்தை யாரோ சிரித்துக்கொண்டே தள்ளிக்கொண்டு போனார்கள்.

"மொறீன், என்ன செய்யிறது? சொல்லுங்கோ."

"சிவா, உன்ரை கை இப்ப எங்கை இருக்குது?"

"பொத்தானுக்கு மேலை."

"பிறகேன் என்னைக் கேக்கிறாய்?"

அவள் மேல் எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. செய் என்று சொல்லியிருக்கலாம். செய்யாதே என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் இல்லாமல் முழுப் பாரத்தையும் என் தலையில் இறக்கினாள். ஆனால் நாடாவை உரித்தெடுத்தது என் கைதான். செய்தி தொடங்கியது. அகலத் திரையின் இரண்டு பக்கமும் கறுப்பு இறங்கியது. அந்தப் பெண் நடுவில் இருந்து பேசினாள். அலுமாரி இல்லை, கண்ணாடி இல்லை, முகம் இல்லை. அவள் பேசி முடித்து, செய்தி வாசிப்பவர் மறுபடி வந்ததும் நான் பொத்தானை விட்டேன். படம் அகலமானது.

செய்தி முடிந்ததுதான் தாமதம், கிரெக் வந்துவிட்டார். முகம் பீற்றூட்டைப்போலச் சிவந்திருந்தது.

"என்ன வேலை பார்த்தாய்? ஒரு விருந்தாளி என்னட்டைக் கேக்கிறார், உங்கடை புது முறை பழுதாப் போச்சோ எண்டு!"

"பழுதாகேல்லை எண்டு சொல்லியிருக்கலாமே."

"உனக்கு ஆர் அதிகாரம் தந்தது?"

"ஒருத்தரும் தரேல்லை."

மொறீன் கதவடியில் நின்றாள். "நான் தடுக்கேல்லை, கிரெக்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதுவும் உதவிதான் என்று பிறகு யோசித்தேன். அந்த நேரத்தில் அப்படித் தோன்றவில்லை.

ஷெரில் ஓடிவந்தாள். அவளும் கத்தத்தான் வந்தாள். தன் செய்தியை மட்டும் சின்னதாக்கி விட்டேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் பதிவை என் திரையில் போட்டு, அந்த இடத்தில் நிறுத்தினேன். அவள் பார்த்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு, பக்கத்தில் இருந்த கதிரையில் அப்படியே இருந்துவிட்டாள்.

"நான் சத்தியம் பண்ணிக் குடுத்தனான்" என்றாள். "அவ கேட்டவ, மூண்டுதரம் திருப்பித் திருப்பிக் கேட்டவ, தெரியாதுதானே எண்டு. நான் தெரியாது எண்டனான்."

அடுத்த நாள் ஒரு கூட்டம். இந்தத் தடவை நிலையத்தின் வழக்கறிஞரும் வந்தார். அந்தப் படத்தை எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். என்னை உண்மையில் களைக்கவைத்தது அந்தக் கூட்டம்தான். ஒருவர் சொன்னார், தெரிகிறது ஆனால் தெளிவில்லை என்று. இன்னொருவர் சொன்னார், அவளை ஏற்கெனவே தெரிந்தவர்களுக்குத்தான் அடையாளம் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது என்று. அதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி. நான் கேட்டேன்: "அவளைத் தேடிக்கொண்டு திரியிறவர் அவளை ஏற்கெனவே தெரிஞ்சவர்தானே?" வழக்கறிஞர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இவர் கேக்கிறது சரியான கேள்வி" என்றார்.

கேள்வி சரி என்பதற்காக என்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள் என்று நினைக்காதீர்கள். பரீட்சார்த்த வேலையிலிருந்து என்னை எடுத்து, வார இறுதிச் செய்திக்குப் பழைய கமராக்களோடு போட்டார்கள். மஞ்சள் நாடா என் இடத்துக்கு வந்தவரின் மேசையில் மறுபடி ஒட்டப்பட்டது என்று கேள்விப்பட்டேன். கிரெக் கொஞ்ச நாளில் பதவி உயர்ந்து போனார். தவறு செய்தவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று எதிர்பார்த்து இந்த வேலைக்கு வராதீர்கள். உங்களுக்குச் சீக்கிரம் வயிற்றுப்புண் வரும்.

அந்த வாரமே நான் அந்த மோலுக்குப் போய்ப் பார்த்தேன். சனம் நடந்து போகுமாம்! வெளியே எலும்பு நடுங்கும் குளிர். உள்ளே அந்தத் திரைக்கு முன்னால் கோப்பி குடிக்கிற மேசைகள். வேலை முடிந்து பஸ்சுக்குக் காத்திருப்பவர்கள், பிள்ளைகளோடு வந்தவர்கள், சும்மா கதைத்துப் பொழுதுபோக்குகிற எங்கள் ஆண்கள் எல்லோரும் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு ஆறுதலாக இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய கணவன் அன்றைக்கு அங்கே இருந்தானா என்று எனக்குத் தெரியாது. அது யாருக்கும் தெரியாது.

சில நாளில் ஷெரில் என்னைக் கூப்பிட்டாள். நடந்ததை மறைக்கக் கூடாது என்று அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் பதறி, ஆங்கிலம் போய், தமிழில் பேசத் தொடங்கிவிட்டாள். ஷெரில் தொலைபேசியை என் கையில் தந்தாள்.

"வணக்கம் தங்கச்சி. நான் இஞ்சை வேலை செய்யிறனான். உங்கடை முகம் வெளியிலை போகேல்லை. பயப்பிடாதையுங்கோ."

"நீங்கள் தமிழோ?"

"ஓம்."

"நீங்களோ என்னைக் கண்டுபிடிச்சது?"

என்ன சொல்வது? "ஓம். பேக்கரியிலை கண்டிருக்கிறன்."

"அப்ப ஒராள் பார்த்திட்டார்" என்றாள். அழவில்லை. குரலில் இருந்தது சலிப்பு. "அண்ணை, முகம் தெரியாதெண்டு சொன்னபடியாத்தான் நான் கதைச்சனான். எத்தினை பேர் அங்கை வேலை செய்யிறீங்கள்? ஒருத்தருக்கும் உதைப் பார்க்கத் தெரியேல்லையோ?"

நன்றி சொல்வாள் என்று மனதின் ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தேன். பரீட்சார்த்த வேலையையும் இழந்து நின்றவனுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் அவள் கேட்டதில் என்ன பிழை? "பார்த்திருக்க வேணும்" என்றேன்.

"நீங்கள் இப்பவும் அந்தப் பேக்கரிக்குப் போறனீங்களோ?"

"போறனான்."

"போனால் என்னைப் பற்றி ஒண்டும் சொல்லாதையுங்கோ. உயிரோடை இருக்கிறன் எண்டுகூடச் சொல்லாதையுங்கோ. பணிசை வாங்கிக்கொண்டு போங்கோ."

நான் பல வாரங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை, என் மனைவி கேட்டுக்கேட்டு, போனேன். முதலாளி எனக்குப் பணிஸ் எடுத்து வைத்துக்கொண்டே, பக்கத்தில் நின்ற ஒருவரைக் காட்டினார்.

"இந்த அண்ணை ரிவியிலை வேலை செய்யிறவர். இவரைக் கேளுங்கோ." பிறகு என்னிடம்: "இவரின்ரை மனுசியை மாதக்கணக்காக் காணேல்லை. இஞ்சைதானே வேலை செய்தவ. நியூசிலை ஒரு படம் போட ஏலாதோ?"

அந்த மனிதர் என்னிடம் திரும்பினார். நீங்கள் ஒரு முரடனைக் கற்பனை செய்கிறீர்கள். அப்படி இல்லை. நன்றாக உடுத்தியிருந்தார். மெல்லிய குரல். கண் கலங்கியிருந்தது. என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் தெரியாமல் இருந்திருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், அன்றே அவருக்காக மொறீனிடம் போய்ப் பேசியிருப்பேன்.

"அண்ணை, ஒரு படம் தாறன். நல்ல தெளிவான படம். உங்கடை ஆக்களிட்டைக் குடுங்கோ. நான் அவவைக் கண்டுபிடிக்க வேணும்."

கோட்டுப் பையிலிருந்து எடுத்தார். கலியாணப் படம். அந்த முகத்தை அண்மையில் காணாதவன்போல நான் அதைப் பார்க்க வேண்டியிருந்தது. முகம் காட்டிக்கொடுத்துவிடுமோ என்ற பயத்தில் பணிஸ் தட்டுகளையே பார்த்துக்கொண்டு கதைத்தேன்.

"காணாமல் போனது பொலிசின்ரை அலுவல், தம்பி. அவையிட்டைச் சொல்லுங்கோ. அவை கேட்டால்தான் நியூசிலை போடுவினம்."

"பொலிசிலை உதவி செய்யினமில்லை அண்ணை."

"அப்ப எங்களாலையும் ஏலாது."

அவர் என் கையை விடவில்லை. "நீங்கள் அவவைக் கண்டிருக்கிறீங்கள்தானே? இஞ்சை வாறனீங்கள்."

"அவ இஞ்சை வேலை செய்யேக்கை கண்டனான். பிறகு காணேல்லை."

பொய்தான். தொலைக்காட்சித் திரையில் கண்டதைக் காணவில்லை என்று சொன்னேன். பெட்டியை வாங்கிக்கொண்டு காருக்குள் போய் இருந்தேன். உடனே வெளிக்கிடாமல், அவர் கடையை விட்டு வெளியே வந்து எந்தப் பக்கம் போகிறார் என்று பார்த்த பிறகுதான் காரை எடுத்தேன். ஷெரிலைக் கூப்பிட்டு, அவர் இன்னும் தேடுகிறார், கடைகளில் படத்தோடு திரிகிறார் என்று அவளுக்குச் சொல்லச் சொன்னேன்.

உயர் துல்லியச் செய்தி உண்மையாகவே வீடுகளுக்கு வந்தது அதற்குச் சில வருடங்களுக்குப் பிறகுதான். அப்போது அந்த வேலைக்கு என்னைத் திரும்பக் கூப்பிட்டார்கள். செய்வதற்கு ஆள் இல்லை. நான் ஒரு நிபந்தனை வைத்தேன். முகம் மறைத்த பேட்டி எதுவாக இருந்தாலும், வாக்குக் கொடுத்த நிருபரே வந்து பெரிய திரையில் ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். எடிற் செய்தவர் பார்த்தது போதாது. நான் பார்த்ததும் போதாது. முணுமுணுத்துக்கொண்டுதான் ஒப்புக்கொண்டார்கள். முதலில் வந்து உட்கார்ந்தவள் ஷெரில்.

இப்போது நீங்கள் வைத்திருக்கும் படத்தின் தெளிவு எங்களுடையதைவிடப் பல மடங்கு. கைத்தொலைபேசியிலேயே பெரிதாக்கிக் கண்மணிக்குள் தெரியும் யன்னலைப் பார்க்கலாம். பின்னால் சுவரில் தொங்கும் சாவியைப் பார்க்கலாம். ஒருவர் உங்களை நம்பி முகத்தை மறைக்கச் சொன்னால், சொன்னவரைத் தேடுகிறவரின் கண்ணால் ஒருமுறை பாருங்கள். அந்தக் கண்ணுக்கு மங்கல் என்று ஒன்று இல்லை. மேலே இருப்பவர் முடிவு சொல்வார் என்று காத்திருக்காதீர்கள். அவர் முன்னால் அந்தத் திரையே இருக்காது.

கடைசியாக ஒன்று. அந்தக் குளிர்காலம் முடிந்து வந்த கோடையில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரம். ஷெரில் என் மேசைக்கு வந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல செய்தி ஒண்டு. அந்தச் செய்தியிலை கதைச்சவ வேற ஊருக்குப் போயிட்டா. வேலையும் கிடைச்சிட்டுது. எங்கை தெரியுமோ?"

ஊரின் பெயரைச் சொல்ல அவள் வாயெடுத்தாள்.

"சொல்லாதை" என்றேன்.